வருஞ்சொல்லை அவாவும் மனம்

முன்னுரை

மொழியைக் கேட்டுப் பொருள் கொள்ளுதல் நாள்தோறும் நம்மால் எளிதிற் செய்யப்படுவதொன்று. எளிதிற் செய்யப்படுதலினாலேயே அஃது எவ்வாறு நிகழ்கின்றதென நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பேசுவோன் வாயினின்றும் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே வருகின்றன. கேட்போனோ அவையெல்லாம் வந்து முடியுந்துணையும் வாளாவிருந்து, முடிந்தபின் ஒருங்கு கூட்டிப் பொருள் காண்பவன் அல்லன். "கொடிகாமச் சந்தையிலே இந்தப் பலாப்பழத்தை" என்று சொல்லிவந்த ஒருவர் இடையே இருமி நிறுத்துவாராயின், எதிரே நிற்பவர் "வாங்கினீர்களா, விற்றீர்களா?" என்று வினவுவார், "உறங்கினீர்களா?" என்று வினவுவார் எவருமிலர். இன்னும் சொல்லப்படாத சொல்லின் இனம் இன்னதென்பது கேட்போன் உள்ளத்தில் முன்னரே வந்து நிற்கின்றது.

மனம் இங்ஙனம் வருஞ்சொல்லை நோக்கி முற்பட்டு நிற்றலை இக்காலத்து உளநூலார் ஆய்கூடங்களில் வைத்து அளக்கின்றனர். மேனாட்டில் இவ்வாராய்ச்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே முளைத்து, சென்ற ஐம்பது ஆண்டுகளுக்குள் விரைந்து வளர்ந்தது. நம் இலக்கண நூலாரும் வடமொழித் தருக்க நூலாரும் இதே பொருளை வேறொரு வழியால் நெடுங்காலத்தின் முன்னரே ஆராய்ந்து அதற்குப் பெயருமிட்டனர். அப்பெயர் அவாய்நிலை என்பது. இவ்விரு வரலாறுகளையும் அடுத்தடுத்து வைத்து, அவை எங்கே ஒக்கும், எங்கே வேறுபடும் என்று காண்டலும், அதனால் நம் பள்ளிக்கூடங்கள் பெறத்தக்க பயன் யாதெனக் கூறுதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எச்சம் என்னும் பெயர்

தமிழிலக்கணத்தில் வினைச்சொற்களை முற்று என்றும் எச்சம் என்றும் பகுத்தல் சிறு வகுப்பு மாணவரும் அறிந்ததே. ஆயின் அப்பெயர்களின் பொருளை நாம் ஊன்றி நோக்குவதில்லை. முற்றியது முற்று, எஞ்சி நிற்பது எச்சம். 'விற்ற' என்னுஞ் சொல் தன்னளவில் நிறைவுடையதன்று. அது தனக்குப் பின் ஒரு பெயரை வேண்டி நிற்கின்றது. 'விற்று' என்பது ஒரு வினையை வேண்டி நிற்கின்றது. எனவே பெயரெச்சம், வினையெச்சம் என்னும் பெயர்கள் சொல்லின் வடிவத்தை நோக்கி இடப்பட்டனவல்ல. அச்சொல் கேட்டார்க்கு எஞ்சி நிற்பது யாது என்பதை நோக்கி இடப்பட்டனவாகும். கேட்போன் உள்ளத்து எதிர்பார்ப்பினையே இலக்கணப் பெயராக்கி வைத்தனர் என்க.

தொல்காப்பியர் எச்சத்தை வினையோடு நிறுத்தினாரல்லர். எச்சவியலிலே பிரிநிலை, வினை, பெயர், ஒழியிசை, எதிர்மறை, உம்மை, என, சொல், குறிப்பு, இசை என எச்சம் பத்தென வகுத்தார். இவற்றுள் உம்மையெச்சத்தை எடுத்துக்கொள்வோம். "மாம்பழமும் வாங்கினேன்" என்று ஒருத்தி கூறின், அவள் வாங்கியது பிறிதொன்றும் உண்டென்பதைக் கேட்போன் உணர்கின்றான். அது யாதென அறிய அவாவுகின்றான். 'உம்' என்னும் ஓரிடைச்சொல் சொல்லாத பொருளொன்றிற்கு மனத்திலே இடம் ஒதுக்கி வைக்கின்றது. சொல்லெச்சம், குறிப்பெச்சம், இசையெச்சம் என்பவற்றிலோ எஞ்சியதைச் சொல்லுவோன் சொல்லாமலே விடுகின்றான். கேட்போன் தானே நிரப்பிக் கொள்கின்றான்.

வினையெச்ச வாய்பாடுகளிலே இன்னும் நுண்ணியதொரு செய்தி உண்டு. 'செய்து' என்னும் வாய்பாட்டெச்சம் தன் வினைமுதலே முடிக்கும் வினைக்கும் முதலாகக் கொண்டு முடியும்; 'செய' என்னும் வாய்பாடு பிறிதொன்றன் வினையையும் கொள்ளும். ஆகவே "மழை பெய்து" என்று கேட்டவுடன் "ஓய்ந்தது" போன்றதொரு சொல்லை மனம் நோக்குகின்றது. "மழை பெய்ய" என்று கேட்டவுடன் அதே மனம் மழையை விட்டுக் குளத்தையோ வயலையோ நோக்குகின்றது. ஈற்றிலே நின்ற ஓரெழுத்தின் வேறுபாடு இனி வரும் எழுவாய் பழையதோ புதியதோ என்பதை முற்கூட்டி அறிவித்துவிடுகின்றது. "ஞாயிறு பட்டு வந்தான்" என்றாற்போல விதிக்கு மாறாய் முடிவனவும் வழக்கில் உண்டு. உரையாசிரியர்கள் அவற்றைத் திரிபு என்று தனித்தெடுத்து விளக்கினர். எதிர்பார்த்தது வாராதவிடத்து மனம் ஒருகணம் தடைப்படும். அத்தடையை நீக்குதற்கே அவ்விளக்கம் வேண்டப்பட்டது.

வேற்றுமையும் அவ்வாறே. இரண்டாம் வேற்றுமைக்குரிய பொருள்களைக் காத்தல், ஒத்தல், ஊர்தல், இழைத்தல் முதலாகத் தொல்காப்பியர் நிரல்பட எடுத்தோதினார். 'ஐ' உருபு ஏற்ற பெயர் எவ்வகை வினையை நோக்கி நிற்கும் என்பதற்கு அஃதொரு பட்டியலாகவும் அமைகின்றது. வினை இறுதியில் நிற்கும் நம் மொழியிலே, பெயர்கள் வினையை முன்னறிவிக்கும் பொறுப்பினை உடையன. இதனைப் பின்னர் யப்பானிய மொழியாராய்ச்சி பற்றிக் கூறுமிடத்தும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

வடமொழியாளர் விசாரணை

வாக்கியத்தின் பொருள் எங்ஙனம் உணரப்படுகின்றது என்னும் வினா வடமொழியில் இலக்கணத்தார், மீமாஞ்சகர், தருக்க நூலார் என்னும் முத்திறத்தாரையும் பிணித்தது. பர்த்ருஹரி தமது வாக்கியபதீயத்தின் இரண்டாங் காண்டத் தொடக்கத்தில் வாக்கியம் யாது என்பது பற்றி எட்டுக் கொள்கைகளைத் தொகுத்துரைத்தார். வினைச்சொல்லே வாக்கியம் என்பார் ஒரு சாரார். சொற்களின் கூட்டமே வாக்கியம் என்பார் மற்றொரு சாரார். அவ்வெட்டனுள் இரண்டு நம் பொருளுக்கு நேரே உரியன. முதற்சொல் ஒன்றே வாக்கியம் என்பது ஒன்று. ஒவ்வொரு சொல்லும் பிறசொல்லை அவாவி நிற்கும் நிலையிலே தனித்தனி வாக்கியமாம் என்பது மற்றொன்று. முதற்சொல்லே வாக்கியம் என்பது முதற்கண் வியப்பாகத் தோன்றும். முதற்சொல் கேட்டபோதே முழுத்தொடரின் சாயல் உள்ளத்திற் பதியத் தொடங்குகின்றதென்னும் அனுபவத்தை நினைப்பார்க்கு அது வியப்பாகாது.

மீமாஞ்சகருள் குமாரிலபட்டர் வழியினர், சொற்கள் முதலிலே தத்தம் பொருளை உணர்த்தும், பின்னர் அப்பொருள்கள் ஒன்றோடொன்று இயையும் என்றனர். பிரபாகரர் வழியினரோ, சொற்கள் தொடக்கத்திலேயே இயைபுற்ற பொருளையே உணர்த்தும் என்றனர். கேட்டுச் சேர்த்துப் பின் கூட்டுதலோ, கேட்குந்தோறும் கூட்டிக்கொண்டே செல்லுதலோ என்னும் இவ்வழக்கு, சொற்கள் வேறாயினும், இன்றைய ஆய்கூடங்களிலும் நடந்துவருவதேயாம்.

தருக்க நூலார் வாக்கியப் பொருளுணர்ச்சிக்கு ஆகாங்க்ஷை, யோக்கியதை, சந்நிதி என்னும் மூன்றினைக் காரணமாகக் கூறினர். தமிழிலே இவை அவாய்நிலை, தகுதி, அண்மை என வழங்கும். பதினேழாம் நூற்றாண்டினரான அன்னம்பட்டர் இயற்றிய தருக்க சங்கிரகம் இவற்றைச் சிறுவர்க்கும் விளங்குமாறு எடுத்துக்காட்டுகளால் விளக்குகின்றது. பசு, குதிரை, மனிதன், யானை எனச் சொற்களை வாளா அடுக்கினால் அவை ஒன்றையொன்று அவாவாமையின் வாக்கியமாகா. நெருப்பினால் நனைக்கும்படி ஒருவனை ஏவினால், சொற்கள் ஒன்றையொன்று அவாவினும், நனைத்தற்கு நெருப்புத் தகுதியன்மையின் பொருளுணர்ச்சி தடைப்படும். பசுவைக் கொண்டு வரும்படி ஏவுகின்றவன் ஒரு சொல்லைச் சொல்லி ஒரு சாமம் கழித்து அடுத்த சொல்லைச் சொன்னால், அண்மையின்மையால் பொருள் தோன்றாது. 1785 ஆம் ஆண்டில் மறைந்த சிவஞான முனிவர் இந்நூலைத் தமிழிற் பெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பைப் பதிப்பித்தவர் நம் நல்லூர் ஆறுமுக நாவலரேயாவர்.

நாவலரும் வசனநடையும்

நாவலர் (1822–1879) இப்பொருளை ஏட்டளவிலே வைத்துவிடவில்லை. மாணவர்க்கென எழுதிய இலக்கணச் சுருக்கத்தின் தொடர்மொழியதிகாரத்தில் அவாய்நிலை, தகுதி, அண்மை என்னும் மூன்றனோடு கருத்துணர்ச்சி என்பதனையும் கூட்டி, வாக்கியப் பொருளுணர்ச்சிக்குக் காரணம் நான்கெனத் தந்தார். கருத்துணர்ச்சியாவது சொல்லுவோன் கருதியது இன்னதென இடம் முதலியவற்றால் அறிதல். 'மா' என்பது பலபொருளொருசொல். உண்ண இருப்பவன் மாவைக் கொண்டு வரச் சொன்னால் அது தின்னும் மா. போர்க்கோலம் பூண்டவன் சொன்னால் அது குதிரை. தென்மராட்சியாராகிய நாமோ அச்சொல்லைக் கேட்டவுடன் மாமரத்தையே முதலில் நினைப்போம்! எதிர்பார்ப்பு, சொல்லிலே மாத்திரம் அன்றி, இடத்திலும் பழக்கத்திலும் தங்கியுள்ளது என்பதற்கு இதுவே சான்றாகும்.

நாவலர் செய்த மற்றொரு பணியும் இங்கே கருதற்பாலது. ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கிடையே வெளி விடும் வழக்கமில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. காலும் ரகரமும் ஒருவடிவாயிருந்தன. அத்தகைய ஏட்டைப் படிப்பவன் வருஞ்சொல் யாதென ஊகிக்க வல்லனாயினன்றி ஒருவரியும் செல்லமாட்டான். கோயிலிலே புராணபடனம் நிகழுங்கால் ஒருவர் செய்யுளைப் பிரித்துப் படிக்க மற்றொருவர் பயன் சொல்லுவது நம் நாட்டு வழக்கு. படிப்பவர் தாம் இன்னும் காணாத சொல்லை உள்ளத்தால் முற்கண்டே இசையை அமைக்கின்றார்.

1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய நாவலர், அச்சிட்ட பாலபாடங்களையும் வசன நூல்களையும் மாணவர் கையிற் கொடுத்தார். அவற்றிலே சொற்கள் பிரித்து அச்சிடப்பட்டன. காற்புள்ளி முதலிய நிறுத்தக்குறிகள் ஒழுங்குற இடப்பட்டன. எச்சம் எங்கே தொங்கி நிற்கின்றது, எங்கே முற்றுகின்றது என்பதைக் குறிகள் கண்ணுக்குக் காட்டின. புலவர்க்கே உரியதாயிருந்த முன்னுணர்வைச் சிறுவனுக்கும் எளிதாக்கிய செயல் இதுவென்று கூறுதல் மிகையாகாது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) 1868 இல் சொல்லதிகாரத்தைச் சேனாவரையருரையோடு பதிப்பித்தமையால், எச்சவியலும் அதன் நுட்பங்களும் சுவடியினின்று நீங்கி எல்லார் கைக்கும் எட்டின.

மேனாட்டார் அளவை

இனி மேனாட்டு வரலாற்றைக் காண்பாம். அமெரிக்க உளநூலறிஞராகிய வில்லியம் யேம்சு 1890 இல் வெளியிட்ட உளநூற் பெருநூலிலே, முன்பின் கண்டிராத ஒரு பக்கத்தை உரக்கப் படிப்பவன் எங்கே எடுத்தல், எங்கே படுத்தல் என்று முதற்படிப்பிலேயே அறிவதெங்ஙனம் என வினவினார். வரப்போகும் வாக்கியத்தின் வடிவமேனும் அவன் உள்ளத்தில் முன்னரே இருத்தல் வேண்டும் என்பது அவர் விடை. நம் புராணபடனத்தில் நாம் கண்டதே இது. ஆயின் யேம்சு தம் உள்ளத்தைத் தாமே நோக்கி இதனைக் கூறினாரேயன்றி அளந்து கூறினாரல்லர்.

அளவை யேர்மனியிலே தொடங்கிற்று. பிரெசுலோ நகரத்துப் பள்ளிகளில் நீண்ட பாடவேளையால் பிள்ளைகளின் மனம் களைப்படைகின்றதா என அறிய விரும்பிய அதிகாரிகளின் வேண்டுகோளின்படி, எர்மன் எபிங்கவுசு ஒரு சோதனையை ஆக்கி 1897 இல் வெளியிட்டார். பாடப்பகுதி ஒன்றிலே சொற்களையும் அசைகளையும் நீக்கிக் கோடிட்டுப் பிள்ளைகளை நிரப்பச் செய்தார். 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்று நாம் வினாத்தாளில் எழுதிவரும் வினா அறிவை அளக்குங் கருவியாக அறிவியலுட் புகுந்த வரலாறு இதுவே. 1953 இல் அமெரிக்கராகிய வில்சன் ரெயிலர் அதனை மற்றொரு வகையிற் பயன்படுத்தினார். ஒரு பகுதியிலே குறித்த இடைவெளிக்கு ஒரு சொல்லை நீக்கிப் பலரிடம் கொடுத்து, எத்தனை பேர் உரிய சொல்லை நிரப்புகின்றனர் எனக் கண்டு, அப்பகுதி படித்தற்கு எளிதோ அரிதோ எனத் துணிந்தார். நூறு பேரில் தொண்ணூற்றுவர் ஒரே சொல்லை நிரப்புவாராயின், அவ்விடத்தில் அவாய்நிலை மிக வலியது. பத்துப்பேரே நிரப்புவாராயின் அது தளர்ந்தது. இவ்வாறு எதிர்பார்ப்புக்கு ஓர் எண் கிடைத்தது.

இதற்கு ஈராண்டு முன், 1951 இல், தந்தி தொலைபேசிச் செய்திகளின் கணிதத்தை வகுத்த குளோட் சனன், அடுத்த எழுத்து யாதென மக்களை ஊகிக்கச் செய்து, ஆங்கில எழுத்துத்தொடரில் ஏறத்தாழ முக்காற்பங்கு முன்வந்தவற்றாலேயே உறுதிப்படுகின்றதென மதிப்பிட்டார். அடுத்த சொல்லை ஊகிக்குமாறு பெருந்தொகையான நூல்களைக் கொண்டு பயிற்றப்படும் இன்றைய கணினி மொழிப்பொறிகளும் இவ்வழிவந்தனவே.

செக்கனில் ஆயிரத்தில் நானூறு

எதிர்பார்ப்பு மூளையிலே விட்டுச்செல்லும் சுவடு 1980 இல் வெளிப்பட்டது. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோக் கிளையிலே மார்த்தா கூற்றாசு, தீபன் கில்லியாட்டு என்னும் இருவர், மாணவர் தலையில் மின்வாய்களைப் பொருத்தி, வாக்கியங்களின் சொற்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினர். ஒருவன் சூடான பாணிலே பூசியது இன்னதென முடியும் ஆங்கில வாக்கியமொன்றில், வெண்ணெய் வரவேண்டிய இறுதியிடத்திலே காலுறை என்னும் பொருட்சொல் வந்தது. அச்சொல் தோன்றி ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஏறக்குறைய நானூறு பங்கு கழிந்தவளவிலே, மூளையின் மின்னலையில் எதிர்மின் பக்கமாக ஒரு சரிவு தோன்றிற்று. பொருளால் இயைந்து எழுத்தளவில் மாத்திரம் பெரிதாகக் காட்டப்பட்ட சொல்லுக்கு அச்சரிவு தோன்றவில்லை. வேறுவகை அலையே தோன்றிற்று. ஆகவே அது வெறும் வியப்பின் அடையாளமன்று, பொருளின் அடையாளம்.

அன்னம்பட்டரின் நெருப்பினையும் சான் டியாகோவின் காலுறையினையும் அருகருகே வைத்துப் பார்க்க. இரண்டும் ஒரே குற்றத்திற்கு எடுத்துக்காட்டுகள். முன்னவர் தகுதியின்மை என்று பெயரிட்டார். பின்னவர் அத்தகுதியின்மை உணரப்படும் வேளையை அளந்தனர். 1984 இல் அவ்விருவரும் மேலும் ஒருபடி சென்று, தகுதியுடைய சொல்லாயினும் எதிர்பார்க்கப்படாததாயின் அச்சரிவு தோன்றும் எனவும், எதிர்பார்ப்பு எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவு சரிவு மிகும் எனவும் காட்டினர். தருக்க நூலார் தகுதி உண்டு, இல்லை என இரண்டாகவே கொண்டனர். ஆய்வாளரோ அதனைப் படிப்படியாய் ஏறி இறங்கும் அளவாகக் கண்டனர். இவ்விடத்திலே பழமையும் புதுமையும் வேறுபடுகின்றன.

நாவலர் கூட்டிய நான்காவதாகிய கருத்துணர்ச்சிக்கும் பொருத்தமானதோர் ஆராய்ச்சி உண்டு. 2006 இல் ஒல்லாந்தராகிய நியூலாண்டு, வான் பேர்க்கம் என்பார், நிலக்கடலை ஒன்று ஆடிப்பாடிக் காதல் கொள்வதாக ஒரு சிறுகதையைக் கேட்பித்தனர். கதையின் இறுதியிற் கடலை காதலுற்றது என்பதற்கு மூளை தடைப்படவில்லை. கடலை உப்பிடப்பட்டது என்னும் உலகியலுண்மைக்கே தடைப்பட்டது. கருத்துணர்ச்சி வலிதாயவிடத்துத் தகுதியின் எல்லை மாறுகின்றது. பஞ்சதந்திரக் கதையில் நரி பேசுதல் கேட்டு நம் பிள்ளைகள் மருளாமையும் இதனாலன்றோ!

கண் முற்படுதல்

மேற்கூறிய மின்னலை சொல் வந்தபின் தோன்றுவது. ஆதலால், மனம் முன்னரே எதிர்பார்த்ததா, அன்றி வந்த சொல்லைப் பொருத்துதற்கு இடர்ப்பட்டதா என்னும் ஐயம் எஞ்சியது. 1999 இல் இங்கிலாந்தின் யோர்க்குப் பல்கலைக்கழகத்து ஓல்ற்மன், கமிடே என்னும் இருவர் இவ்வையத்தை நீக்க ஒரு வழி கண்டனர். சிறுவன் ஒருவன், ஒரு கேக்கு, சில விளையாட்டுப் பொருள்கள் அடங்கிய படத்தைக் காட்டி, சிறுவன் எதையோ உண்ணப்போகின்றான் என்னும் வாக்கியத்தைக் கேட்பித்தனர். 'உண்' என்னும் பொருளுடைய வினையைக் கேட்டபோதே, பெயர் வருமுன்னரே, கேட்போர் கண்கள் கேக்கின்மேற் சென்றன. நகர்த்துதல் என்னும் வினைக்கு அங்ஙனம் செல்லவில்லை. படத்திலே உண்ணத்தக்கது அஃதொன்றேயாதலின் என்க.

ஆங்கிலத்திலே வினை முன்னும் செயப்படுபொருள் பின்னும் வரும். வினை இறுதியில் வரும் மொழிகளில் யாது நிகழும்? 2003 இல் அவ்விருவரும் ஏவூடு என்பவரும் யப்பானிய மொழியைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். பரிசாரகி எழுவாயாகவும், உணவருந்த வந்தவர் நான்காம் வேற்றுமை போன்ற உருபேற்றும் நின்றவளவிலே, கேட்போர் கண்கள் அவருக்குக் கொடுக்கத்தக்க உணவின்மேற் சென்றன. வினைச்சொல் இன்னும் வரவில்லை, உருபே வழிகாட்டிற்று. வேற்றுமையுருபு வினையை நோக்கி நிற்றலை நம் இலக்கணத்தார் விதியாக ஓதினர். யப்பானியர் கண்ணசைவு அதனைக் காட்சியாக்கியது.

அண்மையைப் பற்றியும் ஓராராய்ச்சி உண்டு. 2014 இல் உசைன், வசிட்டு, சிறீநிவாசன் என்னும் மூவர் இந்தி மொழியைக் கொண்டு நிகழ்த்தியது அது. ஒரு பெயர் இன்ன வினையையே கொண்டு முடியும் என உறுதியாக எதிர்பார்க்கப்படுமிடத்தில், இடையே பல சொற்கள் புகுந்து தூரத்தை மிகுப்பினும் வினையைப் படித்தலில் இடர்ப்பாடு மிகவில்லை. அவாய்நிலை வலியதாயின் அண்மைக் குறைவு பொறுக்கப்படும் என்பது இதன் பயன். நன்னூலார் கூறிய கொண்டுகூட்டு முதலிய பொருள்கோள்களிலே சொற்கள் தம் இடம் விட்டுச் சேய்மையிற் கிடப்பினும் பயின்ற வாசகன் பொருள் கொள்ளுதல் ஈண்டு ஒப்பிடத்தக்கது.

வழக்கும் தமிழுக்கோர் இடமும்

மனம் வருஞ்சொல்லின் பொருளை மாத்திரமோ, அதன் முதலெழுத்தையுங்கூட எதிர்பார்க்கின்றது? இவ்வினாவில் அறிஞர் இன்னும் ஒருமுகப்படவில்லை. நாம் உயிர்முதன்மொழிக்கு முன் 'ஓர்' எனவும் மெய்ம்முதன்மொழிக்கு முன் 'ஒரு' எனவும் வழங்குவதுபோல ஆங்கிலத்திலும் இருவடிவான ஒரு சிறுசொல் உண்டு. காற்று வீசும் நாளிலே சிறுவன் பறக்கவிடச் சென்றது பட்டம் என்று எதிர்பார்க்குமிடத்து, 'ஓர்' போன்ற வடிவம் வந்தால், பெயர் வருமுன்னரே மூளை தடைப்படுகின்றதென 2005 இல் டிலோங்கு, ஊர்பாக்கு, கூற்றாசு என்பார் அறிவித்தனர். ஆனால் 2018 இல் ஒன்பது ஆய்கூடங்கள் கூடி 334 பேரைக் கொண்டு அதனை மீளச் செய்து பார்த்தபோது, பெயர்ச்சொல்லினிடத்துத் தடை தோன்றிற்றேயன்றிச் சிறுசொல்லினிடத்து அம்முடிபு உறுதிப்படவில்லை. முன்னோர் முடிபையும் மீள அளந்து பார்க்கும் இப்பண்பு நாம் பாராட்டிக் கைக்கொள்ளத்தக்கது.

இவ்வழக்கிலே தமிழுக்கெனச் சிறந்ததோர் இடம் உண்டு. ஒரு, ஓர் மாத்திரமன்றி, நம் வல்லெழுத்து மிகும் விதிகளும் வருஞ்சொல்லின் முதலெழுத்தை அறிவிக்கின்றன. 'வாழைப்' என்று கண்டவன் பகரத்தையும், 'அந்தக்' என்று கண்டவன் ககரத்தையும் எதிர்நோக்கலாம். 'பழம்' என்பதற்கு இடமுண்டு. 'குலை' என்பதற்கு இடமில்லை. ஆங்கிலத்தில் உயிரா மெய்யா என்னும் அளவே தெரியும். தமிழிலே எந்த மெய் என்பதும் தெரியும். தமிழ் வாசகன் அவ்வொற்றினைப் பயன்கொள்கின்றானா என்பது ஆராய்தற்குரிய நல்ல வினா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் பயிலும் நம் பழைய மாணவர் எவரேனும் இதனை மேற்கொள்ளின் மொழிநூலுக்கும் உளநூலுக்கும் ஒருங்கே தொண்டு செய்தவராவர். ஒற்று மிகுத்தலைத் தேர்வுக்கான அணியெனக் கருதிப் பத்திரிகைகளும் அறிவித்தற்பலகைகளும் புறக்கணிக்கும் இந்நாளிலே, அது படிப்போனுக்கு இடப்பட்ட வழிக்குறியாக இருத்தலுங் கூடுமென்பதை நினைத்தல் நன்று.

பள்ளிக்கூடமும் எதிர்பார்ப்பும்

இதுகாறும் கூறியவற்றால் எதிர்பார்ப்பு எல்லார்க்கும் இயல்பாகவே ஒருபடித்தாய் அமைந்ததெனக் கருதுதல் தவறு. 2012 இல் மிசிரா முதலியோர் அலகாபாத்திலே நிகழ்த்திய ஆராய்ச்சி நம்மைப்போன்ற ஆசிரியர் யாவரும் அறியவேண்டியது. பல்லாண்டு கல்வி பெற்றோர் ஒரு பிரிவினராகவும், மிகச் சில ஆண்டே கல்வி பெற்றோர் மற்றொரு பிரிவினராகவும் அமைக்கப்பட்டனர். நான்கு பொருள்களின் படங்களைக் காட்டி, அவற்றுள் ஒன்றைக் குறிக்கும் இந்தி வாக்கியத்தைக் கேட்பித்தனர். பெயர்க்கு முன்னுள்ள அடைமொழி, பொருளாலும் பாலுணர்த்தும் ஈற்றாலும், வரும்பெயர் இன்னதெனக் காட்டுவது. கற்றோர் கண்கள் அடைமொழியைக் கேட்டபோதே உரிய பொருளின்மேற் சென்றன; மற்றையோர் கண்கள் பெயரைக் கேட்டபின்னரே சென்றன. இரு பிரிவினரும் தாய்மொழியையே கேட்டனர். படிப்பு அன்று, கேள்வியே அங்கே நிகழ்ந்தது. ஆயினும் படித்துப் பழகிய மனம் செவிக்கும் உதவிற்று.

ஓராராய்ச்சியைக் கொண்டு எல்லாம் துணிதல் கூடாது. படித்தறியா மூதாட்டியர் கந்தபுராணப் பயன் கேட்டு மறுநாட் கதையை முற்கூட்டிச் சொல்ல வல்லராயிருப்பதையும் நம்மூர்கள் அறியும். மிசிரா முதலியோர் அளந்தது ஒரு செக்கனுக்குள் நிகழும் விரைவையேயன்றி அறிவின் ஆழத்தையன்று. எனினும் அவ்விரைவு சிறிதன்று. எழுத்தெழுத்தாய் ஊன்றிப் படிக்கும் பிள்ளை வாக்கியத்தின் இறுதியை எட்டுமுன் தொடக்கத்தை மறந்துவிடுகின்றான். வருவதை ஓரளவு முன்னுணரும் பிள்ளையே பொருளோடு படிக்கின்றான். வினை இறுதியில் நிற்கும் தமிழிலே நீண்ட வாக்கியத்தைத் தாங்கிச் செல்லுதற்கு இவ்வாற்றல் பெரிதும் வேண்டும்.

இது வளர்வதெங்ஙனம்? நிறையப் படித்தலாலும் படிக்கக் கேட்டலாலுமே. இன்று மாணவர் கையிலுள்ள தொலைபேசி ஈரெழுத்து இட்டவுடன் முழுச்சொல்லையும் தானே தந்துவிடுகின்றது. ஊகிக்கும் தொழிலைப் பொறி ஏற்றுக்கொள்ள, மாணவன் எழுதுவன ஐந்தாறு சொற்களுக்கு மேற்படாத துணுக்குகளாகின்றன. எச்சங்களை அடுக்கி முற்றை நோக்கிச் செல்லும் வாக்கியத்தை அவன் காண்பதே அரிதாகின்றது. ஆதலின் வகுப்பிலே உரக்கப் படித்தல் மீண்டும் தனக்குரிய இடத்தைப் பெறவேண்டும். ஆசிரியர் ஒரு கதையைப் படித்து எச்சத்திலே நிறுத்தி, முடிக்குஞ் சொல்லை மாணவரிடம் கேட்கலாம். "மழை பெய்து", "மழை பெய்ய" என்னும் இரண்டனையும் கரும்பலகையில் எழுதி இருவேறு முடிபுகளைப் பெறலாம். இங்ஙனம் கற்பிக்கப்படும் எச்சவியல் நெட்டுருவாகாது. மாணவன் தன் மனத்தின் தொழிலைத் தானே காணும் பாடமாகும்.

அவாய்நிலைக்கு ஒரு தீங்கும் உண்டு. எதிர்பார்க்கும் மனம் இல்லாததை உள்ளதாகப் படித்துவிடும். ஏடெழுதினோர் அருஞ்சொல்லை நீக்கிப் பழகிய சொல்லை எழுதிவிடுதல் சுவடிப்பதிப்பாளர் நன்கறிந்த வழு. தான் எழுதிய கட்டுரையின் பிழை தன் கண்ணுக்குத் தோன்றாமையும் இதனாலேயே. ஆகவே முன்னுணரப் பழக்குதலோடு, உணர்ந்ததை ஏட்டோடு ஒத்துப் பார்க்கப் பழக்குதலும் ஆசிரியர் கடனாகும்.

முடிவுரை

நம் முன்னோர் மூளையின் மின்னலையை அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசுதல் உண்மைக்கு மாறாகும். அவர் ஆராய்ந்தது வாக்கியம் நிறைவுறுதற்கு வேண்டும் காரணங்களை. செக்கனைப் பகுத்து அவர் அளந்தாரல்லர். அவ்வாறே, நேற்றைய ஆய்கூடத்திலேதான் இப்பொருள் பிறந்ததென்பதும் உண்மையன்று. முதலில் வினாவை எழுப்பி, வேண்டும் பெயர்களையும் எடுத்துக்காட்டுகளையும் வகுத்துத் தந்தது இலக்கணமும் தருக்கமும். அவற்றை அளந்து, சிலவற்றை உறுதிசெய்து, சிலவற்றைத் திருத்தியது உளநூல். எச்சம், அவாய்நிலை, தகுதி, அண்மை, கருத்துணர்ச்சி என்னும் சொற்கள் இன்றைய ஆராய்ச்சியையும் தமிழிலே தெளிவுறக் கூறுதற்குப் போதியனவாய் உள்ளன என்பதற்கு இக்கட்டுரையே ஒரு சிறு முயற்சியாகும். இச்சொற்களை மாணவர் தேர்வுக்காக மாத்திரம் நினைவில் வையாது, தாம் படிக்கும் ஒவ்வொரு வாக்கியத்திலும் அவை தொழிற்படுதலைக் கண்டு மகிழ்வாராக.